பேரிங் போகவில்லை

1946, அக்டோபர் 17, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு ராயப்பேட்டை நெடுஞ்சாலையில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், சாந்தோம் குப்பத்து மருந்தகத்தின் பழைய வேன் வந்து நின்றது.

பிரசவ வலியில் துடித்த பெண்ணொருத்தியை ஆஸ்பத்திரியில் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள் ஃப்ளோரன்ஸ். இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டக்... டக்... மூன்று வாரமாக இதே சத்தம். இதற்காகவே ஞாயிறன்று மருந்தகக் கமிட்டி வேனை விற்கப்போகிறது. அப்புறம் குப்பத்துப் பெண்கள் வலியோடு நடந்தா வருவார்கள்?

மழைக்கு ஒதுங்கிய ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காது கொடுத்தான். முழங்கை வரை கிரீஸ்.

“டிரைவர் எங்க போய்க்கீறாரு?”

“உங்க எதிர்லதான் நிக்கிறாரு.”

அவன் விழித்தான். இமைநுனியில் மழைத்துளி... பெரிய கண்கள்தான். அதற்கென்ன இப்போது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“நீங்களா ஓட்றீங்க?”

“ஏன், ஆம்பளைங்களுக்கு மட்டும்னு ஸ்டியரிங்ல எழுதியிருக்கா? யுத்தத்துல ஆம்புலன்ஸ் ஓட்டினவ நான்!”

“கோச்சுக்காதீங்க மிஸ்ஸு. சத்தம் இன்னான்னு பாக்கட்டுமா?”

“அதெல்லாம் பாத்தாச்சு. உள்ள பேரிங் போச்சாம், இன்ஜினே வீணாம். நான் முரட்டுத்தனமா ஓட்டிக் கெடுத்துட்டேனாம். ஒர்க்‌ஷாப் மேதை ஒருத்தன் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கான். எங்கப்பாதான் கமிட்டி செயலாளர். பெத்த பொண்ணை நம்பல, அந்தத் தாளை நம்பறார். வண்டியை வாங்கப்போறது யாருங்கறீங்க? அதே ஒர்க்‌ஷாப் முதலாளி!”

அவன் இன்ஜினை ஓடவிடச் சொன்னான். பானெட்டைத் திறந்து, மரப்பிடி ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்காக வேலை செய்யாமல் தடுத்தான். பேரிங் போயிருந்தால் ஏதாவது ஒரு பிளக்கில் சத்தம் அடங்க வேண்டும். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. அடங்கவில்லை. இன்ஜினை நிறுத்தி விசிறி பெல்ட்டைக் கழற்றினான். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னான்.

டக்கென்ற சத்தமே இல்லை. இலைகளில் மழை விழுவது கேட்டது.

இன்ஜினை நிறுத்திவிட்டு விசிறியைப் பிடித்து அசைத்தான். விழப்போகும் பல்லைப்போல் ஆடியது.

“விசிறித் தண்டுதான் தேஞ்சி கீது. பேரிங்குலாம் கல்லு மாதிரி கீது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

“அப்போ கையெழுத்துப் போட்டானே, ஆம்ப்ரோஸ்னு ஒருத்தன்... அவன் மட்டும் என் கையில மாட்டட்டும்!”

“மாட்டிக்கினுதான் கீறான்.”

“என்னது?”

“நான்தான் ஆம்ப்ரோஸு. சுவத்துக்கு இந்தாண்ட வேலையா இருந்தேன், சத்தம் மட்டுந்தான் கேட்டேன். லேடி ஓட்ற வண்டின்னாரு முதலாளி... பானெட்டக்கூடத் தொறக்காம எழுதிக் குட்த்துட்டேன். மன்னிச்சிக்கங்க மிஸ்ஸு.”

ஃப்ளோரன்ஸ் ஓரடி முன்னால் வந்தாள்.

“மூணு வாரமா எங்கப்பா என் முகத்தைப் பாத்துப் பேசல. உங்க மன்னிப்பை வெச்சு நான் என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கமிட்டி முன்னாடி வந்து சொல்லுங்க. தைரியம் இருந்தா!”

“சொன்னா என் வேல பூடும் மிஸ்ஸு.”

“என் வேலை போறப்போ யாரு கவலைப்பட்டா? பெல்ட்டை மாட்டுங்க.”

மாட்டினான். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிப் போனாள். அந்தக் கண்கள் மட்டும் சாந்தோம் வரை கூடவே வந்தன. எரிச்சலாக இருந்தது...

ஞாயிறன்று வெளுத்த சட்டையில் வந்தான். கமிட்டியின் கண்ணெதிரே பிளக்குகளைத் தடுத்தான், பெல்ட்டைக் கழற்றினான்; சத்தம் நின்றது.

“பிறகு எதுக்கய்யா கையெழுத்துப் போட்டீர்?” என்றார் ஃப்ளோரன்ஸின் அப்பா, செயலாளர் ராஜநாயகம்.

“பொம்பள ஓட்டினா கெட்டுப்பூடும்னு நெனச்சேன் சார். என் தப்பு.”

அவர் தாளைக் கிழித்தார். “சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்ப்பா,” என்றாள் மகள்.

வாசலில் அவனை மறித்தாள். “வேலை?”

“நேத்தே முதலாளிகிட்ட சொல்ட்டேன். போய்யான்ட்டாரு. உங்க கோவம் பூட்ச்சா?”

“பாதி.”

“மீதிய நீங்களே வெச்சுக்கங்க. மரத்தடியில என்னைத் திட்னீங்களே... அப்பவே என் மன்சு உங்ககிட்ட வந்துட்ச்சு.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“எனக்கும் மூணு நாளா தூக்கமில்ல... கோவம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

வேனுக்குப் புது விசிறித் தண்டு போட்டார்கள். அது விற்கப்படவில்லை. 1947 ஜனவரியில் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆம்ப்ரோஸ், ஃப்ளோரன்ஸ் பெயர்களுக்குக் மாதா கோவிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்கப்பட்டது. ஏதும் வரவில்லை.