சுண்ணாம்பு தின்ற மதில்

நேற்று மாலை சுவரில் இழுகிய சுண்ணாம்பைக் காணோம்.

இராக்கம்மா குனிந்து பார்த்தாள். வெற்றிலைச் சருகுக்குத் தடவியது போக, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைப் பக்கத்துச் சுவரில் இழுகிவிடுவது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். பசறைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் இருந்த லயத்து வீட்டின் கதவோரமெல்லாம் அந்த வெள்ளைக் கோடுகள்தான். இங்கே கோடு இருந்த இடம் மட்டும் எச்சில் பட்டதுபோல் மினுங்கியது. சீ, எந்த நாய் நக்கித் தொலைத்ததோ! முகத்தைச் சுளித்தாள். பூட்டிய மாடியறைக்குள் நாய் எப்படி வரும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானிக்கு ஊர் பார்க்கும் பைத்தியம். பதுளையிலிருந்து சீமைக்குப் போகிற வழியில், பிரெஞ்சுக்காரர் தேசத்தில், சுற்றிலும் பழைய கோட்டை மதில் கட்டிய இந்த ஊரில் இறங்கிவிட்டாள். அவளுடைய மூன்று வயதுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆயாவாக இராக்கம்மாவும் கப்பலேறியிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. அதற்கு வாயில் வருவது தோட்டத்துத் தமிழ்தான். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இராக்கம்மா உயிரோடு ஊர் திரும்பமாட்டாள்.

விடுதியை மதிலோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். அறையின் ஒரு பக்கமே மதில்தான். வெள்ளைக்காரர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிற அந்தக் கல்லிலிருந்து புளித்த பாலும் பிள்ளை கக்கிய சோறும் கலந்த வீச்சம் அடித்தது. கல்லிடுக்கில் காரை இருக்கவேண்டிய இடத்தில் என்னவோ இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று இருந்தது. தொட்டாள். அமுங்கியது. சுட்டது. கைக்குழந்தை பல்லில்லா ஈறால் சப்புமே, அப்படி விரலைச் சப்பியது. விரலை உருவிச் சேலையில் தேய்தேயென்று தேய்த்தாள்.

"அம்மா, இந்தச் செவுரு சரியில்லைங்க. வேற ரூம் கேளுங்க."

"பழைய செவுரு, ஈரம் இருக்கும். சும்மா பயப்படாதே ஆயா," என்ற துரைசானி, வர்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே மதிலைப் படம் வரையக் கீழே போய்விட்டாள்.

இராக்கம்மா கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டாள். பிற்பகலில் பாப்பாவின் குதிகாலில் குளவி கொட்டிவிட்டது. அலறிய பிள்ளையைத் தேற்றி, டப்பியைத் திறந்து, கொட்டின இடத்தில் சுண்ணாம்பை அப்பினாள். ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தானே. ராத்திரி பிள்ளை கண்ணயர்ந்ததும் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கினாள்.

அந்தத் தேசத்தில் இரவாகியும் வெயில் போவதில்லை. திரும்பி வந்தபோது அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். கட்டில் காலி. எங்கேயோ சிரிப்பு.

பாப்பா சுவரோரம் மல்லாந்து கிடந்தது. சுண்ணாம்பு அப்பிய கால், கணுக்கால் வரை, கல்லுக்குள்.

"ஆயா, கூசுது ஆயா! செவுரு நக்குது!"

ஐயோ, என் கையாலேயே தடவினேனே! அள்ளி இழுத்தாள். வரவில்லை. சளக். சளக். நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிள்ளையின் சிரிப்பு நின்றது. முழங்கால் வரை உள்ளே போயிற்று. வீறிட்டது.

டப்பியைக் கவிழ்த்தாள். மிச்சமிருந்ததையெல்லாம் வலது கையில் பூசினாள்.

"இந்தா, தின்னு! கருமம் புடிச்சதே, தின்னு!"

கையை இடுக்கில் திணித்தாள். பிள்ளையின் கால் வழுக்கிக்கொண்டு வந்தது. வெளுத்து, ஊறி, எச்சில் வடிய. ஆனால் முழுசாக.

"ஓடு தங்கம். அம்மாகிட்ட ஓடு."

பாப்பா ஓடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தது.

"இப்ப ஆயாவை நக்குதா?"

கீழே துரைசானி யாரிடமோ மதிலின் அழகைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். கை முழுதும் உள்ளே போய், இராக்கம்மாவின் தோள் கல்லில் முட்டியது. உள்ளே, வெதுவெதுப்பாக, ஈறுகள் அவள் கையைச் சப்பின. காலையில் பல்லே இல்லாத ஈறுகள். இப்போது அவற்றில் அரிசி அரிசியாகப் பல் முளைத்துவருவது அவள் தோலுக்குத் தெரிந்தது.