பிச்சைமுத்துவின் மூன்று நிமிடம்

திங்கட்கிழமை, காலை 8.20. பூட்டியிருந்த ஊடக அறையைத் திறந்தார்கள். கேமரா மேசைமேல் இருந்தது. அதற்குள் இருக்க வேண்டிய மெமரி கார்டைக் காணவில்லை.

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் பக்கத்துப் பள்ளி அது. வரலாற்றுப் பாடத்துக்காக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மூன்று நிமிடக் காணொளிகள் தயாரித்துவந்தார்கள். வாரம் முழுக்க வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சனிக்கிழமையும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்குத்தான் ஆசை? ஏழு காணொளி முடிந்திருந்தது. எட்டாவதுதான் இப்போது காணாமல் போனது.

குழுத் தலைவி கெர்ட்ரூட் டீச்சர். வயது ஐம்பத்தாறு, இரண்டு முழங்காலிலும் வலி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் விசாரணையையே ஆரம்பித்தார்.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான் டீச்சர்," என்றான் பவித்ரன். ஒப்பந்த ஆசிரியன். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் ஏற்கெனவே பாதியாக இளைத்திருந்தான்.

"கேமரா எப்ப வந்துச்சு?"

"ஏழு மணிக்கு, படம் பிடிக்கப் போன நம்ம யேசுதாசன் சார் கொண்டாந்து கையில குடுத்தாரு. உள்ள வச்சிப் பூட்டிட்டு அசெம்ப்ளிக்குப் போயிட்டேன். வந்து திறந்தா கார்டு இல்ல. நான் எடுக்கல லா, சத்தியமா!"

"வேற சாவி?"

"கிடையாது."

ஜன்னலில் இரும்புக் கிரில். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தலைமையாசிரியர் வாசலில் நின்றபடியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் கார்டு வர வேண்டும். இல்லையென்றால் பவித்ரனின் கவனக்குறைவு என்று மேலிடத்துக்கு எழுதப்போகிறார். அப்படி ஒரு கடிதம் போனால் அவன் பிழைப்பு அவ்வளவுதான்.

அந்தக் கார்டில் இருக்க வேண்டியது பிச்சைமுத்துவின் பேட்டி. லகாட் ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் தனியாக இருந்தவர். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில் தோட்ட மக்களை முள்வேலிக்குள் அடைத்தபோது அவருக்கு எட்டு வயது. சனிக்கிழமை யேசுதாசன் சார் ஒற்றை ஆளாகப் படம் பிடிக்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவர் மாரடைப்பில் போய்விட்டார். இனி யாரும் அவரிடம் போய் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க முடியாது.

யேசுதாசன் சார் ஆசிரியர் அறையில் இருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. எதிரே தே தாரிக் தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"பேட்டி நல்லா வந்துச்சா சார்?"

"அருமையா வந்துச்சு டீச்சர். இதுக்குன்னே வாங்குன நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி உக்காந்தாரு. முள்வேலியப் பத்திச் சொல்றப்ப அழுதுட்டாரு."

"வீட்டுல போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. அசதி. அப்படியே பையில வச்சிட்டேன்."

பிற்பகல் 2.00. தோட்டத்தில் இறுதிச் சடங்கு. ஈப்போவில் வேலை பார்க்கும் மகள் புனிதா, கெர்ட்ரூட்டைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அப்பா பேசுனது உங்ககிட்ட இருக்குல்ல? என் போன்ல அவரு குரலே இல்ல. கருமாதி அன்னிக்கிப் போட்டுக் கேக்கணும்."

கெர்ட்ரூட் பெட்டியில் கிடந்த பெரியவரைப் பார்த்தார். நீலச் சட்டை. நெஞ்சின் குறுக்கே மடிப்புக் கோடு விறைப்பாக நின்றது.

"வீடியோவுக்குன்னு வாங்கி வச்சிருந்தாராம். நேத்து ராத்திரி பீரோவத் திறந்து பாத்தேன். நாந்தான் சட்டையில குத்தியிருந்த குண்டூசியெல்லாம் எடுத்துட்டு அவருக்குப் போட்டுவிட்டேன்," என்று புனிதா அழுதாள்.

கெர்ட்ரூட் காருக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, பள்ளிக்கு வண்டியைக் கிளப்பினார். கார்டு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டதில் அவருக்குச் சந்தோஷமே இல்லை.

மாலை 4.30. ஊடக அறையில் மூன்று பேர்.

"பவித்ரன் எடுக்கல. இந்த ரூம்லேருந்து யாருமே எடுக்கல," என்றார் கெர்ட்ரூட். "கேமரா உள்ள வர்றப்பவே அதுல கார்டு இல்ல. குடுத்தது நீங்க, சார்."

"என்னா டீச்சர் பேசுறீங்க? நான் எடுத்த படத்த நானே எதுக்குத் திருடணும்?"

"திருடுறதுக்கு அதுல என்னா இருந்துச்சு? நீங்க படமே எடுக்கல."

கெர்ட்ரூட் மேசைமேல் இருந்த கேமராவைத் தள்ளி வைத்தார்.

"அந்தச் சட்டையில இருந்த குண்டூசிய நேத்து ராத்திரிதான் புனிதா எடுத்திருக்கு. சனிக்கிழமை அவரு போட்டிருந்தா, ஞாயித்துக்கிழமை அதுல குண்டூசி எப்படி சார் இருக்கும்? அவரு அந்தச் சட்டையப் போடவே இல்ல. நீங்க அங்க போகவும் இல்ல."

யேசுதாசன் சட்டைப் பையில் கைவிட்டு, கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வெறும் கார்டு.

"வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா பரீட்சைத் தாள் திருத்துனேன் டீச்சர். போற வழியில பெட்ரோல் போடுற எண்ணெய்க் கடையில வண்டிய நிப்பாட்டி, பத்து நிமிசம் கண்ண மூடலாம்னு சாஞ்சேன். முழிச்சா சாயங்காலம் மணி நாலு. அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னுதான் இருந்தேன். மறுநாளே இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"தூங்குனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும் டிராபிக் லைட்ல தூங்குனவதான். ஆனா பழி இந்தப் பையன் தலையில விழுறதப் பாத்துக்கிட்டு நாள் பூரா சும்மா உக்காந்திருந்தீங்களே, அதுதான் சார் வயிறு எரியுது."

"காலையில எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றான் பவித்ரன். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

யேசுதாசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு மணிக்கு அவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். காலையிலேருந்து வாசல்லயே உக்காந்திருந்திருக்காரு. ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. 'பரவால்ல சார், அடுத்த சனிக்கிழமை வாங்க. நீங்க வந்தப்புறம் போட்டுக்கலாம்னு, இதுக்குன்னே வாங்குன நீலச் சட்டைய இன்னும் பிரிக்கல'ன்னாரு."

கெர்ட்ரூட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யேசுதாசனிடம் கையை நீட்டினார்.

"உங்க கார் சாவியக் குடுங்க. மொதல்ல தலைமையாசிரியரு, அப்புறம் புனிதா வீடு. நான் ஓட்டுறேன். சொல்ல வேண்டியது நீங்க."