தண்ணீர்க் குழாய்

வெறும் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயில் வண்டு தெரிந்தது.

நாற்பது தென்னந்தோப்புகளிலிருந்து வரும், மரத்தைக் குடையும் கூன்வண்டுகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைப் பிய்த்து அரைத்து, தோப்புக்குத் தோப்பு மரபணு எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. தண்ணீர்க் குழாய் ஒரு காவலுக்கு; அதில் எதுவும் தெரியக்கூடாது. நான்காவது முறையாக நாற்பது தோப்பும் ஒரே மரபணு அச்சு. தண்ணீரும் அதே அச்சு.

அவள் கை சுத்தமில்லை என்றார் மேலதிகாரி. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவளுடைய மூன்று வருட ஆய்வு வேறொருவருக்குப் போகும். கையுறை மாற்றினாள், தண்ணீர் மாற்றினாள், மேஜையைத் தோல் உரியத் தேய்த்தாள். இத்தனைக்குப் பிறகும் அறையில், வண்டு குடைந்த மரத்தின் நார் புளித்த வாடை.

எரிச்சலில், தன் கன்னத்துக்குள் பஞ்சைத் தேய்த்து அதையும் இயந்திரத்தில் போட்டாள். வண்டைத் தேடும் சோதனையில் மனித எச்சில் எதையும் காட்டாது. தன் கை சுத்தம் என்று நிரூபித்தே தீர வேண்டும்.

மத்தியானம் புது வண்டுகளோடு 'மர டாக்டர்' வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை மரத்தில் வைத்து, உள்ளே புழு தின்னும் சத்தத்தைக் கேட்பவர். அதனால் அந்தப் பெயர்.

"அண்ணே, டப்பா திறந்திருக்கா? கறுக் கறுக்குனு கேக்குது."

"எல்லாம் ஸ்பிரிட்டுல ஊறிக் கிடக்கு. செத்ததுக்கு ஏதும்மா பல்லு?"

இந்த முறை எத்தனை மரம் போயிற்று என்று கேட்டாள்.

"எங்கம்மா தெரியுது? வெளிய பச்சையாத்தான் நிக்கும். உள்ள எல்லாத்தையும் தின்னு முடிச்ச பிறகுதான் கொண்டை சாயும்."

சத்தம் நிற்கவில்லை. அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் வைத்துப் பார்த்தார், அலமாரியில், குளிர்பெட்டியில். உதட்டைப் பிதுக்கினார்.

"குடுங்க, நானே பாக்குறேன்."

பிடுங்கிக் காதில் மாட்டினாள். தொங்கிய வட்டு அவள் காறையெலும்பில் பட்டது.

கறுக். கறுக். கறுக்.

நூறு வாய்கள். வட்டை விலாவுக்கு நகர்த்தினாள். அங்கேயும். தாடையில் வைத்தாள். அங்கே இன்னும் அவசரமாக.

இயந்திரம் மணி அடித்தது. திரையில் அவளுடைய எச்சில். அதே அச்சு.

கன்னத்தைத் தொட்டாள். விரல் மெத்தென்று உள்ளே போனது. வாடை அங்கிருந்துதான்.

"அண்ணே..."

அவர் தோப்பில் செய்வது போலவே, விழும் பக்கத்தை விட்டு இரண்டடி விலகி நின்றார்.

அவள் தலை மெல்ல வலது தோள் பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தப் பார்த்தாள்.

நிமிரவில்லை.