கட்டுச்சோறு நிரல்

நிலவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டும் தொழிலாளர்கள் எல்லோருடைய மணிக்கட்டிலும் ஒரு கணி இருந்தது. இன்னும் எவ்வளவு நேரத்துக்குக் காற்று இருக்கிறது, எந்தக் கிளைச்சுரங்கம் வெளியே போகும் என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். ஆனால் அதற்குச் சொந்த அறிவு கிடையாது. அதிலிருந்த நிரல் வெறும் எழுத்து. அந்த எழுத்தை வரிவரியாகப் படித்து வேலை வாங்கும் உரைப்பான், மேலே கோபுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோபுரத்தின் அலை எட்டாத ஆழத்தில் கணி அணைந்துபோகும்.

அன்று இருதயராஜின் கணி நாற்பது நிமிடம் அணைந்து கிடந்தது. தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது மேஸ்திரி. இருட்டில் சுவரைத் தடவித் தடவி நிலையத்தின் கீழ்க்கதவுக்கு வந்து சேர்ந்தவர், கவசத்தைக்கூடக் கழற்றாமல் தமயந்தியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நிரல் எழுதினது நீங்கதானம்மா? மேல இருக்கும்போது எல்லாம் சொல்லுது. உள்ள போனா ஊமையாயிருது. உள்ளதான எங்களுக்கு அது வேணும்?"

தமயந்தி எழுந்தாள். நேராக நிலைய மேலாளர் சபேசனிடம் போனாள்.

"உரைப்பானையும் நிரலோட சேர்த்துக் கட்டி, கணிக்குள்ளயே வச்சிடலாம் சார். கோபுரமே தேவைப்படாது."

"உரைப்பான் எவ்வளவு பெருசு! அதுல நூத்துல ஒரு பங்குகூடக் கணிக்குள்ள கொள்ளாது. அதுபோக, ஆளுக்கொரு உரைப்பான் இருந்தா நாம சொல்றதை எது கேக்கும்?"

"கேக்க வேண்டாம் சார். ஓடினாப் போதும்."

அவர் அனுமதி தரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. பதினோரு நாள் உட்கார்ந்து உரைப்பானைச் செதுக்கினாள். படம் வரையும் பகுதி போனது. இசை போனது. பூமியின் பத்தொன்பது நாட்காட்டிகளும் போயின. அப்படியும் ஒரு விரற்கடை அதிகமாகவே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோபுரத்தின் உத்தரவை எதிர்பார்க்கும் பகுதி மட்டும்தான் வெட்டுவதற்கு மிச்சம். கோபுரமே எட்டாத இடத்தில் அது யாருடைய உத்தரவுக்குக் காத்திருக்கும்? அதையும் வெட்டினாள். பொட்டலம் கணிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் பொட்டலத்தை இருதயராஜின் கணியில் ஏற்றினாள்.

"மத்தவங்களுக்கு வேணும்னா மணிக்கட்டோட மணிக்கட்டு வச்சாப் போதும் அண்ணே. தானாப் போயிரும்."

"அப்போ கட்டுச்சோறுன்னு சொல்லுங்க. போற எடத்துல கடை இருக்கான்னு பாக்க வேண்டாம்," என்று சிரித்தார் அவர்.

மூன்றாம் நாள் சூரியப்புயல் அடித்தது. கோபுரம் கருகிச் செத்தது. சுரங்கத்துக்குள் நாற்பத்து மூன்று பேர். அவர்களிடம் இரண்டு மணி நேரக் காற்று. நூறு கிளைகள் கொண்ட அந்த இருட்டுக்குள் யாரை அனுப்பி யாரைத் தேடுவது? சபேசன் சுரங்க வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார். தமயந்தி கீழ்க்கதவின் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றாள். பொட்டலம் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் எங்கே இருக்கிறாரோ, அவர் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ!

ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. பிறகு இரண்டு, பத்து, இருபது. காற்றுக்குழாய்களை ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டு சோடி சோடியாக வந்தார்கள். இருதயராஜ் கடைசியாக உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"எண்ணிக்கிடுங்க, எல்லாரும் இருக்கோம். கட்டுச்சோறு மணிக்கட்டு மணிக்கட்டா எல்லாருக்கும் போயிருச்சு. யாருக்கு மூச்சு அதிகம், யாரை யாரோட கட்டணும்னு அதுவே சொல்லிட்டுதும்மா!"

தமயந்தி அழுதாள், சிரித்தாள், நாற்பத்து மூன்று பேருடைய கையையும் பிடித்துப் பிடித்துக் குலுக்கினாள். சபேசன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். அடுத்த ஆண்டுக்குள், நிலவில் பொட்டலம் இல்லாத மணிக்கட்டே இல்லை என்றாயிற்று.

பிறகு ஒருநாள் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது: நாள் வேலை எட்டு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரமாகிறது. தமயந்தி புதிய வரியை எழுதி, புதுக் கோபுரத்திலிருந்து அனுப்பினாள். ஒரு கணிகூட அதை ஏற்கவில்லை. என்னவென்று ஒரு பொட்டலத்தைத் திறந்து பார்த்தாள். நிரல் படிக்கக்கூடிய எழுத்தாகவே இருந்ததால், தொழிலாளர்கள் அதைப் படித்திருந்தார்கள். படித்ததோடு நில்லாமல் தாங்களும் ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தார்கள். எட்டு மணி நேரமானால் அவரவர் கருவி தானாக நின்றுவிடும். அந்த வரி மணிக்கட்டு மணிக்கட்டாக நிலவையே சுற்றி வந்திருந்தது.

"மாத்த முடியாதா?" என்றார் சபேசன்.

"முடியாது சார். யார் உத்தரவும் வேண்டாம்னு வெட்டினது நான்தானே."

"வேற ஏதாவது வழி பாருங்க."

அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது. மேசைத்திரை இருண்டது. கணியில் இரண்டு வரி மின்னியது: 'எட்டு மணி நேரமாச்சு. எந்திரிங்கம்மா, மிச்சம் நாளைக்கு.'

தன் தலைமைச் சாவியை இட்டுப் பார்த்தாள். கணி அதைச் சட்டை செய்யவே இல்லை. திரும்பினால், பத்து மணி நேர உத்தரவில் மணிக்கட்டை வைத்துக் கையெழுத்திடப்போன சபேசனின் கணியும் அணைந்து கிடந்தது.

"இப்ப என்னம்மா செய்யறது?"

தமயந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போக வேண்டியதுதான் சார்."