இன்னொரு சாவி யாரிடம்?

எஞ்சின் உறுமியது... இரண்டே நொடி... அடங்கிப்போனது.

ஜிஸ்மி மறுபடி சாவியைத் திருகினாள். மறுபடியும் அதே இரண்டு நொடி. சூரியநெல்லி கடைவீதியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், மாரித்தாய் காலில் புண்ணோடு கட்டுப் போடக் காத்திருப்பாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ், இங்கே ஒரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பேட்டரிய வீணாக்காதீங்க. அந்தச் சாவிக்கு வண்டி கிளம்பாதுங்க."

மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் ஒருவன் மழைக்கு ஒதுங்கி நின்றான். தோளில் கறுப்புப் பை. வெளியே நின்ற அவன் பைக்கின் கண்ணாடியில் ஒரு ஜெபமாலை நனைந்துகொண்டிருந்தது. கண்களில் அடக்கமுடியாத சிரிப்பு... அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலீங்க. ஆனா நானும் எத்தன நேரந்தான் பாத்துட்டு நிக்கிறதுங்க?"

சற்று நேரத்துக்கு முன் இதே இடத்தில் அவள் சாவி கை தவறி விழுந்து, அதன்மேல் ஒரு ஜீப் ஏறிவிட்டது. வழியோரத்தில் சாவி வெட்டும் ஒருவர் அவசரத்துக்கு அதே மாதிரி வெட்டிக் கொடுத்தார். கதவு திறக்கிறது, சாவியும் திரும்புகிறது. அப்புறம் என்ன கேடு இந்த வண்டிக்கு?

"இரும்பு மட்டும் ஒண்ணா இருந்தாப் பத்தாதுங்க. உள்ள அரிசி கணக்கா ஒரு சிப்பு இருக்கோணும். அதக் கேட்டுத்தான் வண்டி ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கும். தெரியலீன்னா ரெண்டு நொடியில நிறுத்திரும்."

"அது தெரியாம நான் என்னவோ ஏதோன்னு..."

"நான் அருள்குமாருங்க. கொழிஞ்சாம்பாறைக்காரன். பூப்பாறையில கட போட்டிருக்கேன். இதேதான் எம்பட தொழிலு."

சாவிக்காக அவள் தேடிப் போக வேண்டிய ஆளே, மழைக்கு ஒதுங்கி இங்கே நிற்கிறான்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் சிரிப்பு எதற்கு என்று புரியவில்லை.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கி அவள் பெயரைப் படித்தான். 'ஜிஸ்மி சூசையப்பன்' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான். ஒரு தடவை போதாதா? இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகினான். அதன் திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. இமைகளில் இன்னும் மழைத்துளி... தான் பார்த்துக்கொண்டே இருப்பது தெரிந்து, வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு சாவி பதிஞ்சிருக்குதுங்க. இன்னொண்ணு எங்கீங்க?"

"வீட்டுல பீரோவுல கிடக்கும்."

"அதையும் எடுத்துட்டு வந்துருங்க. புதுசு போடறப்ப இந்த வண்டி பழைய சாவி எல்லாத்தையும் மறந்துரும். இங்கன இல்லாத சாவி அப்பறம் வெறும் இரும்புதானுங்க."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். எஸ்டேட் தொழிற்சாலையில் சூப்பர்வைசரான சூசையப்பன், இயந்திரங்களின் இரைச்சலைவிட்டு வெளியே வந்து பேசினார்.

"அது வீட்டுல இல்லம்மா... குமுளி மாப்பிள்ள வீட்டுக்காரங்ககிட்ட குடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"காரு உன்கூட அங்கனதான போகப்போவுது? வாக்குக்கு அடையாளமா இருக்கட்டும்னு குடுத்தேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிக்கணும்னு பங்குச் சாமியார்கிட்ட பேசிட்டேன். நீயும் ஒரு எட்டு போயி சம்மதம் சொல்லிரு."

கோயிலில் ஊர் முன்னால் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பதா? குமுளி மாப்பிள்ளையை அவள் ஒரே ஒரு முறை பார்த்திருந்தாள். மரியாதையான ஆள்தான். பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டபோது, "பாக்கலாம்ப்பா" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லை அப்பா இவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டாரே!

போனை வைத்துத் திரும்பினாள். அருள்குமார் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். சாவியை அழிக்கும் முன் வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் அவன் கருவியைத் தொடமாட்டானாம்.

'இங்கே இல்லாத சாவிகள் இனி இந்த வண்டியை எடுக்காது. எனக்குச் சம்மதம்.'

பேனாவைப் பிடித்தாள். கை நகரவில்லை. கையெழுத்துப் போட்டால் அப்பாவின் வாக்கு என்னாவது? போடாவிட்டால் அவள் என்னாவது? இத்தனைக்கும் நடுவில், இவன் ஏன் திடீரென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் என்பதுதான் அவளை அதிகம் குடைந்தது.

"நீங்களே சொல்லுங்க... நான் என்ன செய்யட்டும்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"ஏன்?"

"சொன்னா... அதுல எம்பட சுயநலமும் கலந்துருமுங்க."

"என்ன சுயநலம்? கையெழுத்துப் போட்டா உங்களுக்கு ஒரு வேலை முடியும். அதான?"

குத்தலாகக் கேட்க வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. கருவியைக் கழற்றினான், பையை மூடினான்.

"யோசிச்சுட்டுக் கூப்புடுங்க. நம்பரு தாளுல இருக்குது."

கொட்டுகிற மழையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும், எனக்கென்ன, என்று நின்றாள். ஆனால் பைக் வளைவில் மறையும்வரை அங்கேயேதான் நின்றாள்.

அன்றும் மறுநாளும் நடந்தே லயங்களுக்குப் போனாள். மாரித்தாயின் புண்ணைத் துடைக்கும்போது யோசித்தாள், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது யோசித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சேறு அப்பிய காலோடு அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, நான் சம்மதம்னு சொல்லல."

"வேண்டாம்னும் சொல்லலியேம்மா?"

"அது என் தப்புதான். இப்ப சொல்லுதேன்... வேண்டாம்ப்பா."

"காரணம்?"

"தெரியல."

அது முழு உண்மையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சூசையப்பன் அன்று சாப்பிடவில்லை. ஊருக்கு முன்னால் தலைகுனிவு என்றார், வாக்கு என்றார். பிறகு சேறு அப்பிய மகளின் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் குமுளிக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து சாவியை மேசைமேல் வைத்தார்.

"சாமியார்கிட்டயும் சொல்லிட்டேன். ஓலை இல்ல."

"அவங்க திட்டினாங்களாப்பா?"

"அந்தப் பையனே எடுத்துக் குடுத்தான். பொண்ணுகிட்ட முதல்லயே கேட்டிருக்கணும் மாமான்னான்." அவர் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். "இது வேலை செய்யுத சாவி. சாவி போட இனிமே யாரையும் கூப்பிட வேண்டியதில்ல."

அவள் அழுதாள். அப்பாவின் தோளில் சாய்ந்து நன்றாகவே அழுதாள்.

சனிக்கிழமை காலை, கடைவீதியிலேயே நின்றிருந்த வண்டி ஒரே திருகில் கிளம்பியது. அடங்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்... நெஞ்சில் என்னவோ பொசுக்கென்று இறங்கியது. அப்பா சொன்னது சரிதானே? இனி அவனை எதற்குக் கூப்பிடுவது? வண்டி ஏன் இவ்வளவு நன்றாக ஓடித் தொலைக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேல் டிவிஷனுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திரும்பவில்லை.

பூப்பாறையில் கடை வாசலில் கார் வந்து நின்றதும் அருள்குமார் எழுந்து வெளியே வந்தான். காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி காரைப் பார்த்தான்.

"வண்டி ஓடுதுங்களே... எப்படீங்க?"

"குமுளியில இருந்து சாவி திரும்பி வந்துருச்சு. ஓலையும் இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. அதை மறைக்க வழக்கமான கேள்வியைக் கேட்டான். "அப்ப... வேறென்ன கோளாறுங்க?"

"ஒரு கோளாறும் இல்ல."

"அப்பறம்...?"

அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு. சுயநலம்னீங்களே... அது என்னன்னு சொல்லுங்க."

மழைத்தூறல் அவன் முகத்தில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"நீங்க கையெழுத்துப் போட்டுரோணும்னு உள்ளுக்குள்ள மாதாவ வேண்டிட்டே நின்னனுங்க. இன்னொருத்தருக்குக் குடுத்த வாக்கு... நான் அப்படி வேண்டறது பாவம்னு தெரிஞ்சுது. அதான் ஓடிட்டேன்."

அவள் கண்கள் நிறைந்தன.

"எனக்கு இப்பவும் ஒண்ணும் புரியல அருள். மூணு நாளா மண்டைக்குள்ள ஒரே குழப்பம். அப்பாகிட்ட என்ன சொல்லப்போறேன்னு தெரியல, ஒரே நாள்ல இப்படியெல்லாம் வருமான்னும் தெரியல. வண்டியில எந்தக் குறையும் இல்லாம இவ்வளவு தூரம் வந்திருக்கேன். உங்களப் பாக்கணும்னு வந்தேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு."