முன்பெட்டியில் சிந்திய நாரங்கா வெள்ளம்

காலை மணி 10.36. திருப்பூணித்துறை, கொச்சி மெட்ரோவின் கடைசி நிலையம். வெளியேறும் கேட்டருகே ரஃபீனா கைப்பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். நர்சிங் படிப்பின் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் இருந்த நீலக் கோப்பைக் காணவில்லை. ஜெர்மனி வேலைக்கான நேர்காணல் பன்னிரண்டு மணிக்கு. அசல் இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

10.38-க்கு அவள் வந்த ரயில் ஆலுவாவுக்குத் திரும்பியது. 11.05-க்குப் பழி சரோஜம்மாவின் தலையில் விழுந்தது.

மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் படகும் மெட்ரோவுமாக வந்து தரை துடைத்துவிட்டுப் போகிறவள். ஆறு வருஷத்தில் அவள் கண்டெடுத்துக் கொடுத்த குடைகளை வைத்து ஒரு கடையே போடலாம். அதையெல்லாம் இப்போது யார் நினைக்கிறார்கள்? மேற்பார்வையாளர் ரமேஷ்பாபு அவளுடைய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார். திருட்டுப் பெயரோடு அட்டை போனால் வேறெந்த ஒப்பந்தக்காரரும் சேர்க்கமாட்டார். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவன் ராஜனுக்கு அவளை விட்டால் நாதியில்லை.

எஸ்.ஐ. சங்கர்ராம் சரோஜம்மாவிடம் கேட்டார். “எந்தப் பெட்டியில ஏறினீங்க?”

“முன்பெட்டி சாறே. இந்தப் பொண்ணும் அண்ணனும் இறங்கின பெட்டி. சீட்டுக்குக் கீழ நாரங்கா வெள்ளம், அதான் எலுமிச்சை ஜூஸ், சிந்திக் கிடந்துச்சு. டிரைவர் சார் பையத் தூக்கிட்டு மறுகோடிக்கு நடந்து போனாரு, அவருக்கு வழிவிட்டுட்டு உள்ள கேறினேன்.”

“துடைச்சீங்களா?”

“பாதிதான். கதவு மூடப் போற சத்தம் கேட்டு இறங்கிட்டேன்.”

“அப்புறம்?”

“ஆண்கள் கழிப்பறையில பினாயில ஊத்தி ஊறவிட்டேன். கோப்பு எதையும் நான் காணல சாறே.”

காமிரா பதிவு வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மணி 11.15. மூலையில் ரஃபீனா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அண்ணன் ஷாஃபி முன்னால் வந்தான். கறுப்பு பேன்ட்டின் விளிம்பில் மட்டும் பால் சிந்தினாற்போல வெள்ளைக் கறை.

“கோப்பு இல்லன்னதும் நான் மேல ஓடினேன் சாறே. அதே வண்டியில கேறி, அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தேடிட்டு, எதிர் வண்டியில திரும்பி வந்தேன். கோப்பு இல்ல. இந்தச் சேச்சியத் தவிர அந்தப் பெட்டிக்குள்ள வேற யாரும் போகல.”

சரோஜம்மா அவன் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். எங்கோ இடித்தது.

“சாறே, நான் ஒண்ணு கேட்கட்டா?”

அவர் தலையசைத்தார்.

“எந்தப் பெட்டியில தேடினே மோனே?”

“நாங்க வந்த முன்பெட்டியிலதான். டிரைவர் ரூம் கதவ ஒட்டி நின்னேன், அவரு உள்ள பேசுறதுகூடக் கேட்டுச்சு. நாரங்கா வெள்ளம் அப்படியே பிசுபிசுன்னு கிடந்துச்சு.”

“வண்டி ஓடுறப்பத்தான் அவரு பேச்சு கேட்டுச்சா?”

“ஆமா.”

“இந்த வண்டி வளைஞ்சு திரும்புற வண்டியில்ல. டிரைவர்தான் மறுகோடிக்கு நடந்து போயி அங்கிருந்து ஓட்டுவாரு. வரும்போது முன்னால இருந்த பெட்டி, போகும்போது பின்னால. நாரங்கா வெள்ளம் வண்டியோட வால்ல போச்சு. டிரைவர் மூணாவது பெட்டியோட அந்தக் கோடியில இருந்தாரு. ரெண்டையும் ஒரே இடத்துல நீ எப்படிக் கண்டே?”

ஷாஃபி கறை படிந்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“நீ வண்டியில கேறவே இல்ல,” என்றாள் சரோஜம்மா. “பேன்ட்டுல இருக்கிறது நான் ஊத்தின பினாயில். சாறே, கழிப்பறையில போய்ப் பாருங்க.”

11.31. கடைசி அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து நீலக் கோப்பு வந்தது. ஒரு தாள்கூட நனையவில்லை.

“நாரங்கா வெள்ளத்தக் கொட்டினதும் நீதானா காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள் ரஃபீனா. ரயிலில் அது சிந்தி அவள் துடித்து எழுந்த அந்த நொடியில்தான் கோப்பு அவன் சட்டைக்குள் போயிருந்தது.

“கிழிக்க மனசு வரல,” என்றான் அவன். “ஒரு நாள் தவறிப்போனா போதும்னு நினைச்சேன். நீ போயிட்டா படுக்கையில கிடக்கிற அத்தாவ யாரு பாத்துக்குவா? தூக்கி உட்கார வைக்கணும், கழுவி விடணும்.”

ரஃபீனா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்டோவில் போனாலும் கால் மணி நேரமாகும். வாசல்வரை ஓடியவள் திரும்பி வந்து, ரமேஷ்பாபுவிடம் புகார்த் தாளை வாங்கி, மலையாளத்தில் நாலு வரி எழுதினாள். இவர் எதையும் எடுக்கவில்லை, எடுத்தது என் அண்ணன். கையெழுத்திட்டாள். அடையாள அட்டையைத் தானே எடுத்து சரோஜம்மாவின் கழுத்தில் மாட்டினாள். பிறகுதான் ஓடினாள். அப்போது மணி 11.42.

சரோஜம்மா ஷாஃபியின் அருகே போனாள்.

“என் வீட்டுலயும் ஒரு ஆளு கிடக்காரு,” என்றாள். “காலையில தூக்கி உட்கார வச்சு, கழுவி விட்டுட்டுத்தான் படகு ஏறினேன். அந்த வேலைக்குப் பயந்துதானா மோனே நீ என்னைக் கள்ளியாக்கினே?”

மேலே அடுத்த ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் துடைப்பானை எடுத்துக்கொண்டு படியேறினாள்.