ஆடிப்போன படம்

பக்கத்து விண்மீன் திரளில் ஒரு நோவாவைக் கண்டுபிடித்துவிட்டதாக, உலகெங்குமுள்ள வானியலாளர்களுக்கு அக்கா அன்று காலையில்தான் அறிவித்திருந்தாள். நண்பகலில் அவளுடைய பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தார். பேசி முடித்தபோது அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னக்கா ஆச்சு?” என்று கேட்டாள், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் தங்கை. வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மங்கலா இருக்கிற நட்சத்திரம் திடீர்னு பல ஆயிரம் மடங்கு பிரகாசமானா, அதுதான் நோவா. போன மாசப் படத்துல இல்லாத புள்ளி, நேத்து எடுத்த படத்துல இருந்துச்சு. அது கேமராவோட கோளாறா இருக்கலாம்னு சார் சொல்றார். நாளைக்குக் காலையிலக்குள்ள நிரூபிக்கணும். இல்லன்னா, நான் சொன்னது தப்புன்னு நானே எழுதி அனுப்பணும்.”

வாண்டு கைக்குட்டையை எடுத்துக் கணினித் திரையை அழுத்தித் துடைத்தாள். புள்ளி போகவில்லை.

“அழுக்கு இல்லக்கா. அதுவரைக்கும் நல்லது.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னிக்கு ராத்திரி மறுபடி எடுக்கலாம்னா, வானம் முழுக்க மேகமா இருக்கும்னு சொல்றாங்க.”

“நேத்து ஒரே படம்தான் எடுத்தியா?”

“ரெண்டு. ரெண்டாவது எடுக்கும்போது காத்தடிச்சுத் தொலைநோக்கி ஆடிப்போச்சு. அதை ஒதுக்கிட்டேன்.”

“அதைக் காட்டேன்.”

“அதைப் பார்த்து என்னடி பண்ணப்போறே?”

“சும்மாதானே கிடக்கு. காட்டு.”

அக்கா வேண்டாவெறுப்பாகத் திறந்தாள். விண்மீன்கள் எல்லாம் சீரகத்தைப் போல நீண்டு, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வாண்டு மூக்கு இடிக்கும் அளவுக்குத் திரையை நெருங்கித் தேடினாள்.

“உன் புள்ளியும் சீரகம் மாதிரிதான்க்கா இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“என் மூக்குக்கண்ணாடியில ஒரு கீறல் இருக்குல்ல? நான் தலையை ஆட்டினா தெருவே ஆடும். கீறல் மட்டும் அப்படியே நிக்கும். இது கேமராவோட கோளாறுன்னா, மத்த நட்சத்திரத்தோட சேர்ந்து இதுவும் ஏன் நீளணும்?”

அக்கா திரையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

படம் போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்தில் பேராசிரியர் அழைத்தார். “அது வானத்துலதான்மா இருக்கு. உன் அறிவிப்பு அப்படியே இருக்கட்டும். ஆமா, ஆடின படத்தைப் பார்க்கணும்னு யாருக்குத் தோணிச்சு?”

“வீட்டுல ஒரு நிபுணர் இருக்காங்க சார்,” என்றாள் அக்கா.

காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடாத அக்கா, தன் தட்டைக் காலி செய்துவிட்டு, தங்கையின் தட்டிலும் கை வைத்தாள். அன்று மட்டும் வாண்டு சண்டைக்குப் போகவில்லை.